பிடியா, சீரியஸா? செட்டிநாட்டு மண்ணில் எடுத்த பாக்டீரியாவின் மரபணு ஒப்பீடு

காரைக்குடியைச் சுற்றிய கன்மாய்க் கரை, கடலைக் கொல்லை, பழைய வீடொன்றின் நெல் குதிர் அடித்தூசி என மூன்று வகை மாதிரிகள் எடுத்தோம். தேடியது பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியா, சுருக்கமாகப் பிடி. தலைப்பில் உள்ள சீரியஸ் என்பது அதன் நெருங்கிய உறவான பேசில்லஸ் சீரியஸ். பிடி பருத்திக்குள் வைத்த நச்சு மரபணு இதிலிருந்து வந்ததுதான். குதிர்த் தூசியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: 1911இல் ஜெர்மனியின் துரிங்கியாவில் பெர்லினர் இதைப் பிரித்தெடுத்தது மாவு ஆலை அந்துப்பூச்சியின் புழுவிலிருந்து.

மண்ணில் மேல் 2 செ.மீ. சுரண்டி ஒதுக்கிவிட வேண்டும். வெயில் படும் மண்ணில் ஸ்போர்கள் (பாக்டீரியா உறங்கும் விதை போன்ற வடிவம்) செத்துப்போயிருக்கும். ஆட்டுக்கிடை போட்ட வயல்களை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அடைப்பான் நோய்க் கிருமியான பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் பிடிக்குப் பங்காளி. அந்தச் சந்தேகத்தோடு சாதாரண ஆய்வகத்தில் வேலை செய்யக் கூடாது. ரத்த அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்புக் கூழ்) ரத்தத்தைச் சிதைக்காமலும், நுண்ணோக்கியில் நீந்தாமலும் இருக்கிற எதையும் அங்கேயே நிறுத்தி, தட்டை மூடி டேப் ஒட்டி, பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பிரிப்பதற்கு அசிடேட் முறை. 10 மி.லி. எல்பி என்ற வளர்ப்புத் திரவத்தில் 0.25 மோலார் சோடியம் அசிடேட், பி.எச். 6.8, அரை கிராம் மண். 30 டிகிரியில் 4 மணி நேரம் குலுக்கி, 80 டிகிரியில் 3 நிமிடம் சூடாக்கி, நியூட்ரியன்ட் அகாரில் பரப்ப வேண்டும். அசிடேட் இருந்தால் பிடி ஸ்போர்கள் முளைக்காமல் தூங்கும். முளைத்த மற்றவை சூட்டில் சாகும். எடை போடும்போது புட்டி லேபிளைப் படியுங்கள். நீரற்ற உப்பு என்றால் லிட்டருக்கு 20.5 கிராம், மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்தது என்றால் 34 கிராம். இரண்டாவது உப்பை 20.5 கிராம் போட்டால் 0.15 மோலார்தான் வரும். பிடி ஸ்போர்களும் முளைத்துச் சூட்டில் செத்துவிடக்கூடும். சரியாகப் போட்டாலும் வேறு சில பேசில்லஸ்களும் தப்பி வரும் என்பதால் இதை முதல் சல்லடையாக மட்டும் கொள்ளலாம்.

சித்திரை, வைகாசியில் குளிரூட்டும் வசதியில்லாத ஷேக்கரை 30 டிகிரியில் நிறுத்த முடியாது. வெப்பம் 42ஐத் தொட்டால் நச்சு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட்கள் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள டிஎன்ஏ வளையங்கள்) கழன்றுவிடக்கூடும். அப்புறம் அது பேசில்லஸ் சீரியஸ் போலத்தான் தெரியும்.

காசு செலவழித்து வரிசைப்படுத்துவதற்கு முன் நுண்ணோக்கி. 30 டிகிரியில் 72 மணி நேரம் வளர்த்து, ஸ்லைடில் தீற்றி, 50 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 0.133 சதவீத கூமாசி நீலத்தால் 3 நிமிடம் சாயமேற்றி, ஆயில் இமர்ஷனில் பார்க்க வேண்டும். பிடியின் அடையாளமான புரதப் படிகம் அடர்நீலமாகத் தெரியும், ஸ்போர் வெளிறியிருக்கும். படிகம் இல்லாதவற்றைப் பிடி என்று எழுதாதீர்கள். சரிபார்ப்புக்கு, கடையில் விற்கும் குர்ஸ்டாகி வகைப் பிடி உயிரிப் பூச்சிக்கொல்லியைக் கீறி வளர்த்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

டிஎன்ஏ எடுக்க 72 மணி நேரக் கல்ச்சரைப் பயன்படுத்துவது பலரும் செய்யும் தவறு. ஸ்போரின் உறை லைசோசைமுக்கு உடையாது. புதிதாக விதைத்து 5, 6 மணி நேரத்திலேயே எடுக்க வேண்டும். மரபணுவைப் பல பிரதியெடுக்கும் பிசிஆர் கலவை 25 மைக்ரோலிட்டர்: மாஸ்டர் மிக்ஸ் 12.5, 10 மைக்ரோமோலார் பிரைமர் இரண்டும் ஒவ்வொன்று, டிஎன்ஏ 1, தண்ணீர் 9.5. டிஎன்ஏ போடாத குழாய் ஒன்று கட்டாயம். அதில் பட்டை வந்தால் அன்றைய வேலை குப்பைக்கு.

பாக்டீரியாக்களை அடையாளம் காண வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவுக்கு 27எஃப், 1492ஆர் பிரைமர்கள். சுமார் 1,500 எழுத்துகள் வரும். இரண்டு முனையிலிருந்தும் வரிசைப்படுத்தி, முதல் 40 எழுத்துகளையும் 800க்குப் பிந்தைய மங்கலையும் வெட்டி, பின்முனை வரிசையைத் திருப்பி, ஒவ்வோர் எழுத்தையும் அதன் இணை எழுத்தாக மாற்றிய பிறகே இணைக்க வேண்டும். நடுவில் ஓரிரு இடங்களில் இரட்டைச் சிகரம் தெரிந்தால் உடனே கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள். சீரியஸ் ஏ.டி.சி.சி. 14579இல் மட்டும் இந்த மரபணு 13 பிரதிகள் உண்டு; பிரதிகளுக்குள்ளேயே வேறுபாடு இருக்கலாம். வரிசை முழுக்க இரட்டையாக இருந்தால்தான் கலப்படம்.

வரிசைகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் பிளாஸ்டில் போட்டால் துரிஞ்ஜியென்சிஸ், சீரியஸ், ஆந்த்ராசிஸ் மூன்றும் 99 சதவீதத்துக்கு மேல் ஒத்து, மாறி மாறி மேலே வரும். முதல் வரியில் உள்ள பெயரை அப்படியே எடுத்து எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், 16எஸ் எந்தக் கோயில் பங்காளி என்று சொல்லும். வீட்டு விலாசம் சொல்லாது. தேடலை வகைமாதிரி வரிசைகளுக்குள் சுருக்கிக்கொண்டால் தவறான பெயரிட்ட பதிவுகளின் தொல்லை குறையும்.

அடுத்தது ஜைர்பி (gyrB) மரபணு, சுமார் 1,200 எழுத்துகள். யுபி1, யுபி2ஆர் பிரைமர்களில் கலப்பு எழுத்துகள் இருப்பதால் வரிசைப்படுத்த அவற்றையே அனுப்பினால் கூச்சல்தான் கிடைக்கும். அவற்றின் வாலுக்கென்று உள்ள யுபி1எஸ், யுபி2எஸ்ஆர் பிரைமர்களை அனுப்ப வேண்டும். மெகா (MEGA) மென்பொருளில் புரதமாக மாற்றி அடுக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் எங்கோ ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும்; சிகரங்களைக் காட்டும் குரோமட்டோகிராமைத் திரும்பத் திறந்து பாருங்கள். உறவு மரம் வரைய வெளிக்குழுவாக (ஒப்பிடத் தூரத்து உறவு) பேசில்லஸ் சப்டிலிஸ் 168, கிளையின் உறுதியைச் சோதிக்கும் பூட்ஸ்ட்ராப் 1,000 முறை. 70 சதவீதத்துக்குக் குறைந்த ஆதரவுள்ள கிளையை வைத்து எதையும் வாதாட வேண்டாம். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் ஜிஎல்பி, ஜிஎம்கே, ஐஎல்வி, பிடிஏ, புர், பிஒய்சி, டிபிஐ என்ற ஏழு மரபணுக்களைச் சேர்த்து ஒப்பிடும் எம்எல்எஸ்டி முறை.

மரத்தில் பிடிகள் தனிக் கிளையாக ஒதுங்காமல் சீரியஸ்களுக்கு நடுவே சிதறி நிற்கும். எங்கள் மரமும் அப்படித்தான். அதில் பிழை இல்லை: இந்த மரபணுக்கள் குரோமோசோமில் இருக்கின்றன, பூச்சியைக் கொல்லும் க்ரை மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் இருக்கின்றன. இரண்டும் ஒரே வழியில் கைமாறுவதில்லை.

ஆகவே க்ரையைத் தனியாகப் பார்க்க வேண்டும். குர்ஸ்டாகி எச்டி-1இல் க்ரை1ஏஏ, 1ஏபி, 1ஏசி, 2ஏஏ உண்டு. நீங்கள் பிரித்தெடுத்த பாக்டீரியாவிலும் அச்சு அசலாக இதே கூட்டம் வந்தால், பக்கத்துத் தோட்டத்தில் பிடி தெளித்தார்களா என்று முதலில் விசாரியுங்கள். 1998இல் வகுத்த க்ரை பெயரிடல் முறையில், பெயரின் படிநிலைகளைப் பிரிக்கப் புரத ஒற்றுமைக்கு 45, 78, 95 சதவீதம் எல்லைகள். இது முழுநீளப் புரதத்துக்கான கணக்கு; 280 எழுத்துத் துண்டை வைத்துப் புதிய க்ரை என்று அறிவிக்க முடியாது. புழுவுக்குக் கொடுத்துப் பார்க்காமல் நச்சுத்தன்மை பற்றியும் எழுத முடியாது.

படிகம் பார்த்த அன்றே 20 சதவீத கிளிசராலில் கலந்து மைனஸ் 80இல் நான்கு குழாய்கள் வைத்துவிடுங்கள். தட்டு மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே போனால், மரம் வரைந்து முடிக்கும்போது கையில் இருப்பது படிகம் இல்லாத பாக்டீரியாவாக இருக்கும்.