விலங்கியல் கொப்பி

1993ஆம் ஆண்டில் நாங்கள் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தபோது, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடங்களாகியிருந்தன. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் எட்டாத விலைக்கு விற்றது. ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, போத்தலுக்குள்ளேயே திரியை எரியவிட்டுப் படித்தோம். ஒரு விளக்கில் இருவர் படித்தால் எண்ணெய் மிச்சம் என்ற கணக்கில்தான் என் நண்பன் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினான். எங்கள் நட்பு அவ்வாறு தன்னலத்தில் தொடங்கியதென்று எழுத எனக்குக் கூச்சமில்லை.

பல்கலைக்கழக இடங்களிற் பெரும்பங்கு மாவட்ட ஒதுக்கீட்டின்படி வழங்கப்பட்டதால், நான்கு பாடங்களின் 400 புள்ளிகளுக்காக என்னோடு போட்டியிட்டவன் கொழும்பிலோ கண்டியிலோ இருக்கவில்லை. அதே மேசையில் எனக்கெதிரே இருந்தான். நான் அவனுக்கு விளங்கப்படுத்தும் ஒவ்வொரு கணக்கும் என் இடத்தைப் பறிக்கக்கூடும் என்ற பயம் எனக்கு இருந்தது. அவனும் அதை அறியாதவனல்லன்.

இருந்தும், நான் மலேரியாவில் மூன்று வாரம் படுத்திருந்தபோது, போட்டோப் பிரதி எடுக்க வழியில்லாத அந்த ஊரில், தன் விலங்கியல் கொப்பி முழுவதையும் அவன் எனக்காகக் கையால் எழுதிக் கொண்டுவந்தான். இதயத்தின் படத்தில் நாடிகள் சிவப்பாகவும் நாளங்கள் நீலமாகவும் இருந்தன. நீலப் பென்சில் தீர்ந்துபோன பக்கத்திலிருந்து நாளங்கள் பச்சையாகின.

"உனக்காண்டி இல்லை மச்சான், எழுதினால்தான் எனக்கு மனசில நிக்கும்" என்றான்.

அதை நான் பல வருடங்கள் அப்படியே நம்பினேன். அவன் சொன்னது பொய்யல்ல என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் கடன்பட்டவனாகக் கூசக்கூடாது என்பதற்காகவே தன் இலாபத்தை அவன் முன்னால் எடுத்து வைத்தான். தனக்கும் பயனுண்டு என்பதால் ஓர் உதவியின் பெறுமதி குறையும் என்று வாதிடுவோரோடு என்னால் ஒருபோதும் உடன்பட முடிவதில்லை.

அதே மாதங்களில், மாமா கொழும்பிலிருந்து அனுப்பிய மாதிரி வினாத்தாள்களை நான் மெத்தையின் கீழ் ஒளித்து வைத்திருந்தேன். விடை தெரியாத வினாக்களை மட்டும், நானே யோசித்தவை போல அவனிடம் கேட்டேன். அவன் பொறுமையாகச் செய்து காட்டினான்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரே இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தக் கொப்பி என் பையில் இருந்தது. வினாத்தாள்கள் வீட்டிலேயே கிடந்தன.

சென்ற தைப்பொங்கலன்று தொலைபேசியில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அது அப்பவே தெரியும். கஷ்டமான கேள்வியெல்லாம் தெரிஞ்செடுத்து நீதானே எனக்குக் கொண்டந்து தந்தனி" என்றான். பிறகு அம்மாவின் முழங்கால் நோவைப் பற்றி விசாரித்தான்.