ஆமாக்கா, இருந்தீங்க

நான் எடிட் பண்ணின படத்துல பேட்டி குடுத்த ஒரு அக்காகிட்ட ஃபோன்ல சொன்னது இந்த ரெண்டே வார்த்தைதான். அதுல பொய்னு ஒண்ணும் இல்ல, யார் வேணா ரஷ்ஷஸ, அதாவது வெட்டாத முழுப் பதிவ, போட்டுப் பாத்துக்கலாம், அவங்க இருந்தாங்க, பேசாமத்தான் இருந்தாங்க, முழுசா 30 செகண்ட் இருந்தாங்க. அப்புறம் ஏன் ஒன்றரை வருஷமா அந்த ரெண்டு வார்த்தைக்குப் பதிலா வேற என்ன சொல்லியிருக்கலாம்னு ஒத்திகை பாத்துட்டே இருக்கேன்னு கேட்டா தெரியல. "அது வந்துக்கா, எடிட்ல கொஞ்சம்..." "நேர்ல வரும்போது சொல்றேன்க்கா..." எதுவுமே வாயில உக்கார மாட்டேங்குது.

வெள்ளத்துல மாட்டினவங்களப் பத்தின ஆவணப்படம். இந்த மாதிரி படம் எனக்குப் புதுசு இல்ல, தீ விபத்து, நிலநடுக்கம், ஊரையே காலி பண்ணிட்டுப் போனவங்கன்னு மணிக்கணக்கா உக்காந்து கேட்டிருக்கேன். கேட்டதுல ஒண்ணு தெரிஞ்சுது, உயிர் தப்பினவங்க முதல்ல உயிரப் பத்திப் பேசறதே இல்ல. செருப்பு, சர்டிஃபிகேட், அடுப்புல வெச்சது, யாரு ஃபோன எடுக்கல, எந்த ஆபீஸ்ல எந்த ஃபார்முக்கு எத்தன தடவ நடந்தோம், இதுதான் வரும். வேகமாப் பேசுவாங்க, நடுவுல சிரிப்பாங்க, பக்கத்து வீட்டுக்காரர திட்டுவாங்க. படத்துல பாத்தீங்கன்னா எல்லாரும் மெதுவாப் பேசுவாங்க, தூரமாப் பாப்பாங்க. அந்த மெதுவும் அந்த தூரமும் எங்க இருந்து வருதுன்னு நெனக்கிறீங்க? நாங்க வெட்டி ஒட்டற டைம்லைன்ல இருந்துதான்.

இந்த அக்கா பேட்டி முழுக்க கையில ஒரு டிவி ரிமோட்ட வெச்சுட்டே பேசினாங்க. தண்ணி ஏறின ராத்திரி இருட்டுல கைக்கு வந்தத அள்ளிட்டு மொட்டமாடிக்கு ஓடினதுல அது வந்திருக்கு, டிவி கீழயே போச்சு. பேட்டரி மூடி உடைஞ்சுபோய் ரப்பர் பேண்ட் போட்டு சுத்தியிருக்கும். கேள்வி அவங்க அம்மாவப் பத்தி. அம்மாவால நடக்க முடியாது, கீழ இருந்தாங்க. "தூக்கத்தான் பாத்தேன், கனம் தாங்கல..."ன்னு சொல்லிட்டு நிறுத்தினாங்க. கட்டைவிரல் அந்த ரப்பர் பேண்ட இழுத்து இழுத்து விடுது, காலர் மைக்ல டிக், டிக்னு விழுது. நாலு செகண்ட். அப்புறம் மூக்க உறிஞ்சிட்டு, "சரி, அடுத்து கேளுங்க"ன்னாங்க.

டைரக்டர் ரஃப் கட்ட, அதாவது முதல் எடிட்ட, பாத்துட்டு, "இந்த இடத்துல அவங்க மூஞ்சியில இன்னும் கொஞ்ச நேரம் நில்லேன்"னாரு.

"இல்ல சார், நாலு செகண்ட்ல அவங்களே அடுத்ததுக்குப் போயிடுறாங்க."

"ஏதாவது பண்ணுப்பா. பாக்கறவனுக்கு அது உள்ள இறங்க வேணாமா?"

ஏதாவது பண்ணுன்னாரு, என்ன பண்ணுன்னு சொல்லல. பண்ணினதுக்கு அப்புறம் எப்படிப் பண்ணினேன்னும் கேக்கல, நானும் சொல்லல. இதுல யாரு பங்கு எவ்ளோன்னு இன்னிக்கு வரைக்கும் கணக்குப் போட்டுட்டுதான் இருக்கேன், ஒவ்வொரு தடவையும் விடை வேற மாதிரி வருது.

பேட்டி முடிஞ்சதும் ரூம் டோன் எடுப்பாங்க. சவுண்ட் பாக்கறவர் எல்லாரையும் அசையாம இருக்கச் சொல்லி அந்த அறையோட வெறும் சத்தத்த அரை நிமிஷம் பதிவு பண்ணுவாரு, வார்த்தைய வெட்டின இடத்துல குழி விழாம இருக்க அதத்தான் அடியில பூசுவோம். அன்னிக்கு கேமராவ யாரும் நிறுத்தல. அக்காவும் சொன்னபடி தாடைய இறக்கிட்டு தரையோட ஒரு மூலையப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. அதே லைட், அதே ஃப்ரேம், கண்ணு இன்னும் சிவப்பு. 30 செகண்ட் ஆனதும், "அப்பாடா, இவ்ளோ நேரம் நான் வாய மூடிட்டு இருந்ததே கிடையாது"ன்னு சொல்லி அப்படி ஒரு சிரிப்பு.

அதுல இருந்து 7 செகண்ட் எடுத்தேன். 25 ஃப்ரேம் கணக்குல 175 ஃப்ரேம். நாலும் ஏழும் பதினொண்ணு. ஒட்டு தெரியாம இருக்க நடுவுல ரிமோட் பிடிச்ச கையோட க்ளோஸப் ஒண்ணு. "சரி, அடுத்து கேளுங்க" தூக்கியாச்சு, சிரிப்ப பத்தி கேக்கவே வேணாம். ஒட்டுக்கு முன்னாடி ரப்பர் பேண்ட் டிக் டிக்னு கேக்கும், ஒட்டுக்கு அப்புறம் கேக்காது, ஏன்னா ரூம் டோனுக்கு அவங்க விரல அசைக்கல. கவனிச்சா மாட்டிக்குவோம்னு பயந்துட்டே இருந்தேன். திரையிட்டப்ப ஒருத்தர் வந்து கையப் பிடிச்சுக்கிட்டு, "அந்த டிக் டிக் நிக்குது பாருங்க, அங்க எனக்கு உயிரே நின்னுடுச்சு"ன்னாரு. என் ஒட்டுதான் படத்துலயே பெரிய தருணமாம். மேடையில டைரக்டர், "அந்த மௌனத்த கலைக்க எனக்கு மனசு வரல, கேமராவ ஓட விட்டேன்"னாரு. அவரு அத நம்பித்தான் சொன்னாருன்னு நெனக்கிறேன். அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

எடிட்டிங் கத்துக்க வர்ற எல்லாருக்கும் முதல் வாரமே குலெஷோவ்ங்கற டைரக்டரோட கதைய சொல்லிடுவாங்க. நூறு வருஷத்துக்கு முந்தி ரஷ்யாவுல ஒரு நடிகனோட ஒரே வெறும் மூஞ்சிய எடுத்து, சூப் தட்டு பக்கத்துல போட்டா பசி, சவப்பெட்டி பக்கத்துல போட்டா துக்கம்னு ஜனங்க படிச்சாங்கன்னு. நானும் ஜூனியர் பசங்களுக்கு உற்சாகமா சொல்லியிருக்கேன். அதுல அந்த மூஞ்சி நடிகனோடது, மூஞ்சிய வாடகைக்கு விடறதுதான் அவன் தொழில். இந்த அக்கா மூஞ்சிய வாடகைக்கு விடல, அம்மாவப் பத்தி சொல்ல வந்தாங்க. இந்த வித்தியாசம் எனக்கு அப்போ தோணலையான்னா, தோணுச்சு, தோணின கையோட எக்ஸ்போர்ட் போட்டேன்.

இதெல்லாம் காலங்காலமா நடக்கறதுதானேன்னு சொல்லலாம், நானே எனக்கு சொல்லியிருக்கேன். ஃப்ளாஹெர்ட்டிங்கற டைரக்டர், 1922ல வெளிவந்த, ஒரு இனுயிட் குடும்பத்தப் பத்தின நானூக் படத்த எடுத்தப்ப பனிவீட்டுக்குள்ள கேமராவும் வெளிச்சமும் நுழையலன்னு பாதி வெட்டின பனிவீடு கட்டித்தான் குடும்பத்த உள்ள தூங்கி எழுந்திரிக்க வெச்சாரு. லான்ஸ்மேன் 1985ல வெளியிட்ட, நாஜிகள் யூதர்கள கொன்னதப் பத்தின ஷோவா ஒன்பது மணி நேரத்துக்கு மேல ஓடும், பழைய ஃபுட்டேஜ் ஒரு துண்டு கூட கிடையாது, ஆனா அதுல ட்ரெப்ளிங்கா முகாம்ல பெண்களோட முடிய வெட்ட வைக்கப்பட்ட ஆப்ரஹாம் பாம்பா பேசற இடம் செட்டப்தான். அவரு தொழில விட்டுட்டாரு, அவரப் பேச வைக்கறதுக்காகவே டெல் அவிவ்ல ஒரு சலூன வாடகைக்கு எடுத்து கையில கத்தரிய குடுத்திருப்பாங்க. கூட வேலை செஞ்ச ஒருத்தரோட மனைவியும் தங்கச்சியும் விஷவாயு அறைக்குள்ள வந்தத சொல்ல வரும்போது பேச்சு நின்னுடும், நிமிஷக்கணக்கா நிக்கும், துண்டால மூஞ்சிய துடைப்பாரு, முடியலம்பாரு, லான்ஸ்மேன் விட மாட்டாரு, சொல்லித்தான் ஆகணும்பாரு. அது கொடுமைன்னு சண்டை போட்டவங்க இருக்காங்க, நானும் ஒரு காலத்துல அந்தக் கட்சி. ஆனா இப்போ பாத்தா அங்க கடைதான் செட்டப், மௌனம் நிஜம். என்கிட்ட எல்லாமே நிஜம், மௌனம் மட்டும் செட்டப்.

வெல்கம் டு செச்சன்யான்னு 2020ல ஒரு படம், ரஷ்யாவுல இருக்கற செச்சன்யாவுல தன்பாலீர்ப்பாளர்கள வேட்டையாடினப்ப உயிருக்குப் பயந்து ஓடினவங்களப் பத்தி. அடையாளம் தெரிஞ்சா கொன்னுடுவாங்கன்னு மூஞ்சிய மங்கலாக்கறதுக்குப் பதிலா வேற ஆளுங்க தானா முன்வந்து குடுத்த மூஞ்சிய கம்ப்யூட்டர்ல அவங்க மேல போத்தி இருப்பாங்க. மாத்தியிருக்கோம்னு ஆரம்பத்துலயே எழுத்துல போட்டுடுவாங்க, அந்த மூஞ்சிய சுத்தி லேசா ஒரு மங்கலையும் விட்டு வெச்சிருப்பாங்க, பாக்கறவனுக்குத் தெரியட்டும்னு. ஒருத்தர் வெளிப்படையா புகார் குடுக்க முன்வர்ற இடத்துல அந்தப் போலி மூஞ்சி கரைஞ்சு அவரோட சொந்த மூஞ்சி வரும். ஆக மூஞ்சிய முழுசா மாத்தினவன் சொல்லிட்டுப் பண்றான், நான் 7 செகண்ட மாத்திட்டு கமுக்கமா இருக்கேன். சீரியல்காரங்க கூடத் தேவலாம், 2019ல வந்த செர்னோபில் அஞ்சே எபிசோட், அதுல வர்ற பெண் விஞ்ஞானி நிஜ ஆள் இல்ல, பல விஞ்ஞானிகளுக்காக உருவாக்கின பாத்திரம்னு கடைசியில எழுத்தாவே போட்டாங்க. எங்க மாதிரி ஆவணப்படத்துல மட்டும் அந்தக் கடைசி எழுத்து கிடையாது, "உண்மை"ன்னு போர்டு மாட்டிட்டதால யாரும் கேக்கறதில்ல.

சரி, இன்னொரு பக்கத்தையும் சொல்லிடறேன். அந்த அக்கா நாலு செகண்ட்ல நிமிர்ந்தது துக்கம் இல்லாததால இல்ல. எங்களுக்கு முன்னாடி மூணு டீம் வந்து இதே கேள்விய கேட்டுட்டுப் போயிருந்தாங்க, எத்தன தடவதான் ஒரு மனுஷி உடைவாங்க? கேமரா இல்லாத ராத்திரியில அந்த மௌனம் 7 செகண்டா இருந்திருக்கும், 7 மணி நேரமா இருந்திருக்கும். நான் இல்லாதத சேக்கல, வேற நேரத்துல இருந்தத இங்க கொண்டு வந்து வெச்சேன். இப்படி யோசிச்சா மனசு லேசாயிடும், ஒரு நாள் தாங்கும். அப்புறம், அது வேற நேரத்துல இருந்துச்சுன்னு உனக்கு யாருடா சொன்னான்னு ஒரு கேள்வி வரும். யாரும் சொல்லல, நானே சொல்லிக்கிட்டதுதான். சவுண்ட் பாக்கறவர் சொன்னதால பேசாம உக்காந்திருந்த ஒரு மனுஷி அந்த நேரத்துல எத நெனச்சாங்களோ, கால் மரத்துப்போச்சுன்னு நெனச்சிருக்கலாம்.

படம் வந்து ரெண்டு வாரம் கழிச்சுதான் ஃபோன். பேர் எழுத்துப்பிழை இல்லாம வரணும்னு முன்னாடி நான் ஒருதடவ கூப்பிட்டிருந்தேன், அந்த நம்பர வெச்சிருந்தாங்க. "தம்பி, எல்லாரும் அந்த இடத்துல அழுதாங்களாம். நானும் பாத்தேன். எனக்கு ஞாபகமே இல்லையே, அவ்ளோ நேரமா பேச முடியாம உக்காந்திருந்தேன்?"

கேள்வியாத்தான் கேட்டாங்க. பதில் வரணும்னு காத்துட்டு இருந்தாங்க, அது எனக்குக் கேட்டுது. பின்னாடி எதோ பாத்திரம் உருளற சத்தம் கூட கேட்டுது. நான், "ஆமாக்கா, இருந்தீங்க"ன்னேன்.

"அப்படியா"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "இருக்கும், இருக்கும், அம்மா விஷயம் இல்லையா"ன்னாங்க. அந்த "இருக்கும்" ஒண்ணுதான். திட்டியிருந்தாங்கன்னா, ஏன் இப்படிப் போட்டீங்கன்னு கேட்டிருந்தாங்கன்னா நான் உண்மைய சொல்லியிருப்பேனோ என்னவோ. ஒத்துக்கிட்டாங்களே. அவங்களோட அந்த நாள அவங்கள விட நான் நல்லாப் பாத்திருக்கேன்னு நம்பி, என் டைம்லைன்ல இருந்தத வாங்கி தன் ஞாபகத்துல வெச்சுக்கிட்டாங்க.

உண்மைய சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? அக்கா, அது சும்மா சத்தம் பதிவு பண்ணச் சொன்னப்ப நீங்க இருந்தது, அத எடுத்து உங்க அம்மா சாவுக்குப் பக்கத்துல ஒட்டினேன்னு சொல்லணும். அத யாருக்காக சொல்றது, அவங்களுக்காகவா என் தூக்கத்துக்காகவா? இந்தக் கேள்விய ரொம்ப நியாயமா கேக்கற மாதிரி கேட்டுட்டு சொல்லாம விட்டுட்டேன்.

போன மாசம் அதே டைரக்டர், அதே ஆளுங்களப் பாத்து இப்போ எப்படி இருக்காங்கன்னு ஒரு சின்ன படம் எடுத்துட்டு வந்தாரு. ரஷ்ஷஸ் என்கிட்டதான் வந்துச்சு. அக்கா கையில ரிமோட் இல்ல. அம்மாவப் பத்தி கேட்டாங்க. "தூக்கத்தான் பாத்தேன்..."ன்னு சொல்லிட்டு நிறுத்திட்டு, தாடைய இறக்கி தரையப் பாத்துட்டு உக்காந்தாங்க. நான் டைம்கோடப் பாத்துட்டே இருந்தேன், நாலு போச்சு, ஏழு போச்சு, 12 செகண்டுக்கு யாரும் பேசல. அதுக்கு அப்புறம் "அடுத்து கேளுங்க"ன்னும் வரல. அது நிஜமா வந்ததா, படத்துல பாத்து இப்படித்தான் இருந்தேன் போலன்னு வந்ததான்னு திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன், ஹெட்ஃபோன் மாட்டி மூச்ச கூட கேட்டேன். ஒண்ணும் தெரியல.

இந்த தடவ கை வெக்கக் கூடாதுன்னு அப்படியே முழுசா விட்டேன். டைரக்டர் பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா போன படத்துலயே இது வந்துடுச்சே, ரிப்பீட் ஆகுது, கொஞ்சம் சுருக்கிடு"ன்னாரு.

நாலு செகண்டுக்கு வெட்டிக் குடுத்தேன். அந்தப் படமும் வந்தாச்சு. அக்கா இன்னும் ஃபோன் பண்ணல.