அம்மா பேர் எழுதக் கொடுத்த கதை

யார் கதவைத் தட்டினாலும் அம்மா உள்ளிருந்து, "ஆம்பளைங்க யாரும் இல்ல" என்பார். நான் பக்கத்திலேயே நிற்பேன். அது பாட்டியின் வார்த்தை. ஜப்பானியர் காலத்தில், 1943இல், மலாயாவின் ஜொகூர் தோட்டத்தில் தாத்தாவின் பேரை எழுதிக்கொண்டார்கள். மூன்று மாத வேலை என்றார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்ட இடத்திலிருந்து அவர் திரும்பவே இல்லை. அம்மா அப்போது கைக்குழந்தை. எதையும் கண்ணால் பார்த்தவர் இல்லை. பயம் மட்டும் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.

அம்மாவுக்கு இப்போது 83 வயது. போன வருடம் முதுமை மறதி நோயின் ஆரம்பம் என்று டாக்டர் சொன்னதும், சிங்கப்பூரில் எல்பிஏ (Lasting Power of Attorney) எனப்படும் பத்திரத்தைச் செய்துவிட முடிவு செய்தோம். அம்மாவால் முடிவெடுக்க முடியாமல் போனால், அவர் சார்பில் நானும் தங்கையும் முடிவெடுக்க அவரே கொடுக்கும் அதிகாரம் அது. நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டும். தவறவிட்டால் நீதிமன்றம்தான், காலமும் செலவும் அதிகம்.

அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸில் நுழைந்து எல்பிஏ படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். "எதுக்குடா பேரு எழுதுற? யாரு கேட்டா?" என்று அம்மா அடையாள அட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் செய்த தவறு அது. படிவத்தை எடுப்பதற்கு முன்னால் அவரிடம் பேசியிருக்க வேண்டும்.

அப்புறம் மூன்று வாரம் படிவத்தைத் தொடவில்லை. தினமும் மாலையில் தேநீரோடு தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். பாட்டி சொன்னதையெல்லாம் சொன்னார். நான்காவது வாரம் ஒரு நாள், "இது அந்தப் பேரில்லம்மா. உங்களை யாரும் எங்கேயும் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு எழுதி வைக்கிறது" என்றேன். முடிச்சை அவரே அவிழ்த்தார்.

எல்பிஏவுக்குச் சான்றளிக்க, தமிழ் பேசும் டாக்டராகத் தேடிப் பிடித்தோம். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். யாரும் வற்புறுத்தவில்லை என்று உறுதி செய்ய, எங்களை வெளியே அனுப்பிவிட்டு அம்மாவிடம் தனியாகப் பேசினார். இருபது நிமிடம். வெளியே வந்த அம்மா, "நல்ல பிள்ள. அப்பா பேரக் கேட்டான், சொன்னேன்" என்றார்.

பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவானதும் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்து, அரிசி டின்னுக்குள் அரிசிக்கு அடியில் வைத்தார். பாட்டியும் முக்கியமான எதையும் அங்கேதான் வைப்பாராம்.