மழுங்கிய கியூரெட்டோடு மல்லுக்கட்டாதீர்கள்

ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் வேலை, செய்யும்போது கை ரொம்ப வலிக்கிறதா, முதலில் சுரண்டும் கருவியான கியூரெட்டின் விளிம்பை விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். மழுங்கியிருந்தால் மெல்லிய வெள்ளைக் கோடாக மின்னும், கூராக இருந்தால் மின்னாது. அக்ரிலிக் குச்சியில் வைத்தாலும் தெரிந்துவிடும்: கூர் இருந்தால் கவ்வும், இல்லாவிட்டால் வழுக்கும். மழுங்கியதை வைத்து அழுத்தி அழுத்திச் சுரண்டினால் பற்காரை பெயர்ந்து வராமல் மேலே மட்டும் வழவழப்பாகிவிடும், அப்புறம் அது அங்கே இருப்பதே கைக்குத் தட்டுப்படாது, இதுதான் பெரிய தொல்லை.

தீட்டுவதில் எல்லாமே கோணம்தான். கருவியின் முகத்துக்கும் (இரு விளிம்புகளுக்கு நடுவே உள்ள பரப்பு) பக்கவாட்டுக்கும் நடுவே 70 முதல் 80 டிகிரி இருக்க வேண்டும், அதற்கு முகத்தைத் தரைக்கு இணையாகப் பிடித்து, தீட்டுக்கல்லை அதிலிருந்து 100 முதல் 110 டிகிரியில் வைக்க வேண்டும். கிரேசி என்ற வகைக் கியூரெட்டில் ஒரு விளிம்புதான் வேலை செய்யும், இரண்டையும் தீட்டி உலோகத்தை வீணாக்குபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். நுனியையும் உருட்டித் தீட்டுங்கள், விட்டுவிட்டால் நாளடைவில் கூம்பி ஈறைக் கிழிக்கும். கடைசி இழுப்பு கீழ்நோக்கி இருந்தால் பிசிறு நிற்காது. அர்கன்சா கல்லுக்கு எண்ணெய், செராமிக் கல்லுக்குத் தண்ணீர் போதும். சரி, தீட்டுவதற்கு முன்னும் பின்னும் ஸ்டெரிலைஸ் செய்ய மறக்காதீர்கள்.