ராகு காலத்தில் வந்த வில்லி

எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு ஜவுளிக்கடை. ஒரு வாரமாகவே ஃப்ளெக்ஸ் நின்றுகொண்டிருந்தது. கடை முதலாளி, அவருடைய அப்பா, மாமனார், பேரப்பிள்ளைகள், வார்டு கவுன்சிலர் என்று எல்லோரும் கும்பிடு போட்டது போக மிச்சமிருந்த மூலையில் "சின்னத்திரை புகழ்" என்ற அடைமொழியோடு ஒரு நடிகை. பெயரும் போட்டிருந்தார்கள். தெருவில் ஒருத்தரும் படிக்கவில்லை. "பெரிய மருமக வர்றாளாம்" என்றுதான் பேச்சு. என் அம்மா இரவில் சப்பாத்தி மாவு பிசைந்தபடியே திட்டித் தீர்க்கும் அதே பெரிய மருமகள்.

வெள்ளிக்கிழமை காலை 9.30 முதல் 10.30 வரை நல்ல நேரம். அம்மணியின் கார் வந்து சேர்ந்தபோது மணி 10.40. முதலாளியின் அப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய தினசரி காலண்டரைத் தட்டிக் காட்டி, "ராகு காலத்துல ரிப்பன வெட்டிட்டு அப்பறம் கடைய யாரு நடத்துறது? பன்னெண்டு மணி வரைக்கும் யாரும் கத்தரிக்கோலத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். கடைக்குள்ளோ ஏசி இன்னும் மாட்டி முடியவில்லை. வெளியே கூட்டம். மேனேஜர் தம்பி கையைப் பிசைந்தான். அடுத்த வீடு நாங்கள்.

"சார், உங்க வீட்ல ஏசி இருக்குங்களா?"

இப்படித்தான் தமிழ்நாட்டுக் குடும்பங்களை எல்லாம் நடுங்க வைக்கும் வில்லி, கொடியில் காய்ந்த அப்பாவின் பனியனைக் குனிந்து கடந்து எங்கள் ஹாலுக்கு வந்தார். கூடவே அவருடைய அம்மா, டச்சப் பையன், மேனேஜர்.

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. முந்தின நாள்தான் பெரிய மருமகள் சின்ன மருமகளின் வளைகாப்பைக் கெடுத்திருந்தாள். அதைக் கேட்காமல் அம்மா விடமாட்டாள்.

"வாம்மா, உக்காரு. ஏம்மா, அந்தப் புள்ள உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

நடிகை சிரித்துவிட்டு வாயைத் திறந்தார். "ஐயோ ஆன்ட்டி, நானு சும்மா நடிக்கிறேன் ஆன்ட்டி. கொஞ்சம் தண்ணி கொடுக்கிறீங்களா?"

பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல். அதிலும் கன்னட வாடை. ஊர் பெங்களூராம்.

அம்மா வாயடைத்துப் போனாள். அவள் எதிர்பார்த்தது அந்தக் கரகர குரலை. "இந்த வீட்டுல எறும்பு நுழையணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் நுழையணும்!" என்று ராத்திரி எங்கள் ஹாலை அதிர வைக்கும் குரலை.

"அது டப்பிங் ஆன்ட்டி. சென்னைல ஒரு அக்கா பேசறாங்க. நானு அவங்கள பாத்ததே இல்ல."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்தப் பெண் சீரியலில் முதலிலிருந்து நடித்தவர் இல்லை. பாதியில் பழைய நடிகை விலகிப்போக, "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு அட்டையைக் காட்டி இவரைக் கொண்டுவந்தார்கள். நம்மூர் சீரியலில் ஆள் மாறுவது பஸ்சில் கண்டக்டர் மாறுவது போல, வண்டி நிற்காது. வழக்கமாக முகம் மாறினால் மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் அம்மா, இந்த முறை ஒரே வாரத்தில் சமாதானமாகிவிட்டாள். குரல் மாறவில்லையே! ஆக, அம்மா இத்தனை நாள் சண்டை போட்டதெல்லாம் அந்தச் சென்னை அக்காவோடு. அவருக்கு ஃப்ளெக்சும் இல்லை, ரிப்பனும் இல்லை.

மரியாதைக்காக அம்மா டிவியைப் போட்டாள். நேற்றைய எபிசோடின் மறு ஒளிபரப்பு. ஒரு காபி டம்ளர் கீழே விழுகிறது. டம்ளர். மாமியார் முகம். சின்ன மருமகள் முகம். கொழுந்தன் முகம். வேலைக்கார அம்மா முகம். மறுபடி டம்ளர், இந்த முறை கறுப்பு வெள்ளையில். அப்புறம் நம் விருந்தாளியின் முகம், மூன்று கோணத்தில், மூன்று இடி முழக்கத்தோடு.

"இது எதுக்கு நானு ஷாக் ஆகறேன்?" என்று நடிகை என்னிடம் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"கதை யாரு சொல்றாங்க சார்? காலைல போனா சீன் பேப்பரு வரும். கேமரா பக்கத்துல நின்னு அசிஸ்டென்ட் படிப்பாரு, நானு திருப்பி சொல்வேன். 'ஷாக் ஆகுங்க மேடம்'னா ஆவேன். அடுத்து 'சிரிங்க மேடம்'."

அப்பாவுக்கு இது போதாதா. பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஆரம்பித்தார். 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது, மாம்பலத்தில் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்த்தது, ஷோபனா ரவி செய்தி வாசித்தால் அதைப் பார்த்து உச்சரிப்பு பழகியது, 'எதிரொலி'க்குக் கடிதம் போட்டது. "நீங்க ஒரு டம்ளர் விழற நேரத்துல, 'வயலும் வாழ்வும்'ல ஒரு ஏக்கருக்கு உரமே போட்டு முடிச்சிருப்பான்மா."

அந்தக் காலத்தில் பாதி நேரம் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைத்தான் பார்த்தோம் என்பதை அப்பா சொல்லவே மாட்டார். அதையும் எழுந்து போகாமல் பார்த்த குடும்பம் இது. 13 வாரத்தில் முடிகிற தொடர் போய், 1999-ல் 'சித்தி' வந்த பிறகு தினமும் தொடர் பார்த்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றியதில் அவருக்கும் பங்கு உண்டு. என்னைக் கேட்டால், நடிப்பவர்களைக் குறை சொல்லி என்ன பயன். வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம் என்றால் கதை எழுதலாம். தினமும் அரை மணி என்றால் டம்ளரைத்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

அப்பாவின் தீராத மனக்குறை வேறு. தூர்தர்ஷனில் செய்தி வாசித்த பாத்திமா பாபு 2019-ல் பிக் பாஸ் வீட்டுக்குள் போனதும், முதல் ஆளாக வெளியேறியதும். "தலைப்புச் செய்திய வாசிச்சவங்களை எவிக்ஷன் லிஸ்ட்ல நிக்க வெச்சுட்டானுங்க" என்று நடிகையிடமே முறையிட்டார். அவர் கேசரித் தட்டில் ஏறிய எறும்பை விரல் நுனியால் பதமாகத் தள்ளிவிட்டுக்கொண்டே, "நானும் ட்ரை பண்றேன் சார், பிக் பாஸ்க்கு" என்றார். அப்பா பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார்.

பன்னிரண்டு அடித்ததும் கூட்டிப் போனார்கள். ரிப்பன் வெட்டி, குத்துவிளக்கேற்றி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"எறும்பு டயலாக்! எறும்பு டயலாக்!" என்று கூட்டம் கத்தியது.

பாவம், அவரும் சொன்னார். "இந்த வீட்ல... எறும்பு... நுழையணும்னாலும்..." அந்தக் குரலில் கேட்டபோது எறும்புக்கு அழைப்பிதழ் வைப்பது போல இருந்தது. கூட்டம் சப்பென்று ஆகிவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தன், "இது டூப்புடா" என்றான்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஆயிரம் இருந்தாலும் நம் வீட்டில் கேசரி சாப்பிட்ட பெண். முன் வரிசையில் நின்றபடி, இடுப்பில் கை வைத்து, அடிவயிற்றிலிருந்து முழங்கினாள். "இந்த வீட்டுல எறும்பு நுழையணும்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் நுழையணும்!"

அப்படியே அந்தச் சென்னை அக்கா. மேடையிலிருந்த நடிகை ஒரு விநாடி விழித்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். "இன்னொரு தடவை ஆன்ட்டி!" இந்த முறை அவர் வாயை மட்டும் அசைத்தார், புருவத்தை ஏற்றினார், விரலை நீட்டினார், அம்மா குரல் கொடுத்தாள். விசில் பறந்தது. முதலாளியின் அப்பா ராகு காலத்தை மறந்து கைதட்டினார்.

அதன்பின் செல்ஃபிக்கு அம்மாவிடமும் வரிசை நின்றது. எதிர் வீட்டு மாமி, தினமும் வாசலில் பார்க்கிற மனுஷி, அம்மாவோடு ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டாள். முதலாளி சந்தோஷத்தில் ஒரு செட்டிநாட்டுக் காட்டன் புடவையைப் பையில் போட்டு நீட்டினார்.

அம்மா பையோடு வீட்டுக்குள் நுழைந்ததும், கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெற்ற அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலேயே கேட்டார்.

"டிடிஎஸ் வரி பிடிச்சானா?"