ரெசிஸ்டன்ஸ் அறையின் வெக்கை

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் மின் பராமரிப்பில் சேர்ந்த புதிதில், நான் கால் வைக்கத் தயங்கிய இடம் ரெசிஸ்டன்ஸ் அறை. சூளையின் பெரிய விசிறியை ஓட்டும் 1000 கிலோவாட் ஸ்லிப் ரிங் மோட்டாரின் (சுழலும் பகுதியான ரோட்டாரின் மின்சாரத்தை வளையங்கள், பிரஷ்கள் வழியே வெளியே எடுக்கும் மோட்டார்) வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, இரும்புக் கட்டங்கள் அங்கே அடுக்கடுக்காக நிற்கும். கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அறையும்.

அந்த அனல் அத்தனையும் காசு என்பது கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. ஆறு துருவ மோட்டார். ஒத்தியங்கு வேகம், அதாவது உள்ளே காந்தப்புலம் சுழலும் வேகம், நிமிடத்துக்கு 1000 சுற்று. விசிறியை 700 சுற்றில் ஓட்டினால் ரோட்டாருக்குள் போகும் திறனில் 30 சதவீதம் ஸ்லிப்பாக, அதாவது காந்தப்புலத்துக்குப் பின்தங்கும் அளவுக்கேற்ப, வெளியே வரும். அந்த வேகத்தில் மோட்டார் இழுக்கும் திறனே பாதியாகிவிடும்; அப்படியும் ஏறக்குறைய 150 கிலோவாட், இரவு பகலாக வீணாகிக்கொண்டிருந்தது!

பிறகு மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. பிரஷ் வழியே வரும் 15 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை டயோடுகள் நேர்மின்சாரமாக்கும். தைரிஸ்டர் எனும் மின்னணு சுவிட்சுகளாலான இன்வெர்ட்டர் அதை 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரமாக்கி, டிரான்ஸ்ஃபார்மர் மூலம் லைனுக்கே திருப்பிவிடும். அன்று அறைக் கதவைத் திறந்தேன். அனல் இல்லை. வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

மோட்டாரைக் கிளப்ப மட்டும் ரெசிஸ்டன்ஸ் போதும் என்பது என் எண்ணம். மூத்த டெக்னீஷியன் ஒப்புக்கொள்ளவில்லை. "ஓடும்போதும் இதற்குத் திரும்ப வழி வையுங்கள் தம்பி" என்றார். வைத்தோம்.

ஐப்பசியில் ஒரு மழை இரவு, லைன் வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தது. தைரிஸ்டர்களை அணைப்பதே லைன் வோல்டேஜ்தான். அவை அணையவில்லை, நேர்மின் பக்கம் மின்னோட்டம் பாய்ந்து ஃபியூஸ் போனது. உடனே காண்டாக்டர்கள் எனும் பெரிய சுவிட்சுகள் ரோட்டாரை ரெசிஸ்டன்சுக்கு மாற்றின. விசிறி நிற்கவில்லை. கட்டங்களைப் படிப்படியாக விலக்கி முழு வேகத்துக்குக் கொண்டுவந்தோம்.

மூத்த டெக்னீஷியன் டார்ச் வெளிச்சத்தில், நடுவில் சுழியம் கொண்ட ரோட்டார் அம்மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். முள் இடமும் வலமும் மெதுவாக ஆடியது. ஒரு நிமிடம் எண்ணினார். முப்பது ஆட்டம். ஆறு துருவம் என்றால் மூன்று ஜோடி; மூன்றால் வகுத்தால் ஸ்லிப் பத்துச் சுற்று.

"990 சுற்று. இனி காற்றை அடக்கும் டேம்பரைப் பாருங்கள்."

இன்னும் கொஞ்சம் வேகம் குறையட்டும் என்ற ஆசையில் சுடுகோணத்தின், அதாவது ஒவ்வொரு சுழற்சியிலும் தைரிஸ்டர்களை இயக்கிவிடும் கோணத்தின், உச்சவரம்பை 165 டிகிரி வரை ஏற்றி வைத்திருந்தது நான்தான். தைரிஸ்டர்கள் அணைய அவகாசமே விட்டு வைக்கவில்லை. மறுநாள் காலை அதை 150க்கு இறக்கிவிட்டு, அவரிடம் போய்ச் சொன்னேன்.