எதையும் தொடாத குச்சி

உயிர் அறிவியல் படித்துவிட்டு நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிசிஆர் வைத்து ஜெல் ஓட்டுகிறீர்கள். டிஎன்ஏவே சேர்க்காத நெகட்டிவ் கன்ட்ரோலில் பேண்ட் தெரிகிறது. என்ன செய்வீர்கள்?" (பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு துண்டைப் பல மடங்கு பிரதியெடுக்கும் முறை. ஜெல்லில் ஓட்டினால் அந்தப் பிரதிகள் ஒரு கோடாகத் தெரியும், அதுதான் பேண்ட். டிஎன்ஏ இருப்பது தெரிந்த குழாய் பாசிட்டிவ் கன்ட்ரோல்; டிஎன்ஏ சேர்க்காத நெகட்டிவ் கன்ட்ரோலில் கோடு வரவே கூடாது.) பெரும்பாலானவர்கள் "இன்னொரு முறை செய்து பார்ப்பேன்" என்கிறார்கள். பிசிஆரின் மூன்று வெப்பநிலைகளையும் எண் பிசகாமல் ஒப்பிப்பவர்களும் இதில் அடக்கம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் எழுவதில்லை. முதல் வேலையில் சேர்ந்த நான்காம் மாதம் நானும் அதையேதான் செய்தேன்.

அது ஒரு சிறிய பரிசோதனைக்கூடம். கன்ட்ரோலில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்ததும் மறுபடி ஓட்டினேன். கோடு இல்லை, நிம்மதி. மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. உடனே தண்ணீர், பிரைமர், பஃபர், என்சைம் என்று திறந்திருந்த கலவைப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகப் பிரித்தேன். இரண்டு நாள் சுத்தமாக இருந்தது; பிறகு அதே இடத்தில் அதே கோடு. பணம் வீணானதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை: குற்றவாளி எது என்று காட்டியிருக்கக்கூடிய சாட்சிகளையும் சேர்த்தே எறிந்திருந்தேன்.

எங்கள் மூத்த விஞ்ஞானியான மேடம் திட்டவில்லை. என் நோட்டைத் திறந்து, மூன்று வாரங்களில் நடந்த ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, கலவை தயாரித்தவர், ஜெல் போட்டவர், அன்று முதலில் நுழைந்த அறை ஆகியவற்றை அட்டவணையாக எழுதச் சொன்னார். "பேண்ட் வந்த நாளைப் பார்க்காதே, வராத நாளைப் பார்" என்றார். வராத நாள்கள் எல்லாமே நான் ஜெல் அறைக்குள் போகாத நாள்கள். அப்படியானால் அந்த அறையிலிருந்து எதையோ நான் சுமந்து வருகிறேன். ஆனால் மேலங்கியும் கையுறையும் மாற்றிக்கொண்டுதானே வருகிறேன்?

பிப்பெட், சென்ட்ரிஃப்யூஜ் மூடி, ஃபிரிட்ஜ் கைப்பிடி, டிப் பெட்டி என்று ஒவ்வொன்றையும் பஞ்சுக்குச்சியால் துடைத்து பிசிஆர் வைக்கத் தயாரானபோது அவர் கேட்டார்: "எதையும் தொடாத குச்சியையும் வைத்தாயா?" வைத்திருக்கவில்லை. வீண் வேலை என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே அதையும் சேர்த்தேன். அந்தக் குச்சி சுத்தமாக வந்தது. கடைசியில் பேண்ட் காட்டியது, குழாய்களில் எண் எழுத நான் பயன்படுத்திய நீல மார்க்கர் பேனா. ஒரே ஒரு மூலக்கூறு 30 சுற்றுகளில் இரட்டித்துக்கொண்டே போனால், கணக்குப்படி 100 கோடிக்கு மேல் பிரதிகளாகிவிடும். அந்தப் பிரதிகள் நிறைந்த குழாயின் மூடியை ஜெல் அறையில் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் பறந்து எங்கும் படியும். மேலங்கியை மாற்றிய நான் பேனாவை மாற்றவில்லை. மறுநாள் முதல் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பேனா நூலால் கட்டப்பட்டது.

தொடாத குச்சியின் அருமை எனக்குப் பின்னால்தான் புரிந்தது, ஜெர்மனியின் ஹைல்புரோன் வழக்கைப் படித்தபோது. 2007இல் அந்நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் எங்கும் சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்த முகமறியாத ஒரு பெண்ணின் டிஎன்ஏவோடு பொருந்தியது. கொலையும் அவளே, சில்லறைத் திருட்டும் அவளே! 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2009இல், ஓர் ஆணின் அகதி விண்ணப்பத்தில் இருந்த கைரேகையிலும் அதே பெண்ணின் டிஎன்ஏ வந்தபோதுதான் சந்தேகம் குச்சியின் பக்கம் திரும்பியது. பஞ்சுக்குச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சிகள் ஸ்டெரைல் செய்யப்பட்டவைதான். ஆனால் ஸ்டெரைல் செய்வது கிருமியைக் கொல்லுமே தவிர டிஎன்ஏவை முழுதாக அழித்துவிடாது. தேடப்பட்ட பெண் நடமாடியதாக நினைத்த பகுதிகளுக்கு நடுவிலேயே இருந்த ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மட்டும் அவள் தடயமே இல்லை. அங்கே குச்சி வாங்கியது வேறு தொழிற்சாலையிலிருந்து. வராத நாளைப் பார் என்று மேடம் சொன்னது இதைத்தான்.

"இன்னொரு முறை செய்து பார்ப்பேன்" என்ற பதிலுக்கு மருந்துத் துறையில் சட்டரீதியான விலையும் உண்டு. பார் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், வரம்புக்கு வெளியே வந்த முடிவைக் காரணம் ஆராயாமல், நல்ல முடிவு வரும்வரை திரும்பத் திரும்பச் சோதித்துத் தள்ளிவிட முடியாது என்று நியூ ஜெர்சி நீதிபதி ஆல்ஃபிரட் வோலின் 1993இல் தீர்ப்பளித்தார். தரக்கட்டுப்பாட்டில் வேலைக்குச் சேர்பவர்கள் இன்று முதல் வாரத்திலேயே கற்கும் விசாரணை முறைக்கு அடித்தளங்களில் ஒன்று அந்தத் தீர்ப்பு. ஆயினும் விசாரணைப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் "மனிதத் தவறு, மறுபயிற்சி அளிக்கப்பட்டது" என்று எழுதிக் கோப்பை மூடும் பழக்கம் போனபாடில்லை. என் பேனா விவகாரத்தையும் அப்படி மூடியிருக்கலாம். எனக்கு மறுபயிற்சி கிடைத்திருக்கும், பேனா அறைக்கு அறை போய்க்கொண்டிருந்திருக்கும்.

இந்தப் பழக்கம் கல்லூரி ஆய்வகத்திலேயே தொடங்குகிறது என்று நினைக்கிறேன். விடை முன்கூட்டியே தெரிந்த சோதனைகளைத்தான் செய்தோம். எண் பொருந்தாவிட்டால் பக்கத்து மேசையின் எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதி கையெழுத்து வாங்கினோம். பொருந்தாத எண்ணுக்கு மதிப்பெண் தந்த ஆசிரியர் எனக்கு வாய்க்கவில்லை.

போன மாதம் வந்த ஒரு பெண், மதிப்பெண் சான்றிதழில் குறிப்பிடும்படி எதுவும் இல்லாதவர், என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: "மேடம், அந்த பேண்ட் தினமும் வருகிறதா, சில நாள் மட்டும் வருகிறதா? பாசிட்டிவ் கன்ட்ரோல் உயரத்திலேயே இருக்கிறதா?" சில நாள் மட்டும், அதே உயரத்தில் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுத ஒரு தாள் கிடைக்குமா என்றார்.